தானியங்கி கேமராப் படத்தில் மானின் அளவைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கு கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும்படி காட்டில் மரத்தில் கட்டிவைப்பது தானியங்கி கேமரா. அதை வைப்பவர்கள் மெமரி கார்டைக் கழற்றிப் படத்தைத் திறந்ததும் முதலில் கேட்பது "இது எவ்வளவு பெரிய மான்?" என்பதைத்தான். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் கணக்குகளுக்குப் போதும்.

மான் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் பெரிய மான்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் வந்து நின்றால் எந்த மானும் படத்தை அடைக்கும். தூரம் இரட்டிப்பானால் படத்தில் விழும் உயரம் பாதியாகிறது. 4 மீட்டர் தூரத்தில் நிற்கும் 60 செ.மீ. மானும், 8 மீட்டர் தூரத்தில் நிற்கும் 120 செ.மீ. மானும் படத்தில் ஒரே உயரம்தான்.

பகல் படத்தில் மரம், புதர், பாதை ஆகியவற்றை வைத்து நம் கண் தூரத்தை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். இரவில் பின்னணி முழுக்கக் கறுப்பு. ஊகிக்க எதுவும் இல்லை. 'ராட்சத மான்கள்' பெரும்பாலும் இரவுப் படங்களில் மட்டுமே நடமாடுவதன் ரகசியம் இதுதான்.

மானின் உயரம் என்றால் எதிலிருந்து எதுவரை? தலை வரையா, கொம்பு நுனி வரையா?

இரண்டும் இல்லை. முன்கால் குளம்பின் அடியிலிருந்து தோள் மேட்டின் உச்சி வரை அளப்பதுதான் தோள் உயரம். மேயும்போது தலை தாழும், மிரளும்போது நிமிரும். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். தோள் உயரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முன்கால் செங்குத்தாக ஊன்றியிருக்கும் படமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நடையின் நடுவில் கால் சாய்ந்திருந்தால் உயரம் கொஞ்சம் குறைந்து வரும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: வளர்ந்த ஆண் புள்ளிமான் சுமார் 90 செ.மீ. வரை வரும், பெண் சுமார் 70 செ.மீ. கடமான் எனப்படும் மிளா ஒரு மீட்டரில் தொடங்கி 160 செ.மீ. வரை போகும். கேளையாடு அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். சருகுமான் முழங்கால் உயரம்கூட இருக்காது; விலங்கியல்படி அது மான் குடும்பத்திலேயே சேராது. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் வாழும் மூஸ் 2 மீட்டரைத் தொடக்கூடியது. நீங்கள் கணித்த அளவு அந்த இனத்தின் வரம்புக்கு வெளியே விழுந்தால், அதிசய மான் என்று கொண்டாடுமுன் கணக்கைச் சரிபாருங்கள்.

கணக்கே போடாமல் அளக்க ஒரு வழி சொல்லுங்கள்.

இருக்கிறது, அதுவே மிக நம்பகமான வழியும்கூட. கேமராவைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கைபேசியில் மான் படத்தை வைத்துக்கொண்டு, அதன் முன்குளம்பு இருந்த இடத்தைத் தரையில் கண்டுபிடியுங்கள். கல், வேர், சருகுக் குவியல் என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் 10 செ.மீ.க்கு ஒரு நிற நாடா சுற்றிய பிளாஸ்டிக் குழாயை நேராக நிறுத்தி, அதே கேமராவில் ஒரு படம் எடுங்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மானின் தோள் எந்த நாடாவில் நிற்கிறது என்று நேரடியாகவே தெரிந்துவிடும்.

இதில் தூரம், லென்ஸ், கோணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மானும் குழாயும் ஒரே இடத்தில், ஒரே கண்ணாடி வழியாகப் படமானவை. லென்ஸின் கோணல்கள் இரண்டுக்கும் பொது. குறை ஒன்றுதான்: ஒவ்வொரு மானுக்கும் ஒரு நடை போக வேண்டும்.

தூரம் தெரிந்தால் வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம் என்கிறார்களே, எப்படி?

உங்கள் கேமராவுக்கென்று ஒரு மாறாத எண் உண்டு. ஒரு மீட்டர் குழாயைக் கேமராவிலிருந்து சரியாக 5 மீட்டர் தூரத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி, குழாய் எத்தனை பிக்சல் உயரம் என்று எண்ணுங்கள். 800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 5-ஆல் பெருக்கினால் 4000. அதுதான் அந்த எண்.

இனி எந்தத் தூரத்துக்கும் 4000-ஐத் தூரத்தால் வகுத்தால், அங்கே ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று கிடைக்கும். 10 மீட்டரில் 400. அங்கே நிற்கும் மானின் தோள் உயரம் படத்தில் 340 பிக்சல் என்றால், 340-ஐ 400-ஆல் வகுக்க 0.85, அதாவது 85 செ.மீ.

வீடியோவுக்கு இந்த எண்ணைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பல கேமராக்கள் வீடியோவில் காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும், பிக்சல் எண்ணிக்கையும் மாறும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு லென்ஸ் உள்ள கேமரா என்றால் இரண்டுக்கும் தனித்தனி எண்.

தூரத்தைக் கண்மதிப்பாகச் சொன்னால் போதாதா?

போதாது. தூரத்தில் வரும் பிழை அப்படியே உயரத்தில் இறங்கும். மேலே சொன்ன மான் உண்மையில் 11 மீட்டரில் நின்றிருந்தால் அதன் உயரம் 85 செ.மீ. அல்ல, 93.5 செ.மீ. ஒரு மீட்டர் தவறியதில் நடுத்தர ஆண் மான் மிகப் பெரிய ஆண் மான் ஆகிவிட்டது. காட்டில் ஒரு மீட்டரைக் கண்ணால் சரியாகச் சொல்பவர்கள் அரிது.

5, 7, 9, 11 மீட்டர்களில் சிறு கற்களையோ வண்ணம் தீட்டிய முளைகளையோ வைத்துவிட்டால் ஊகம் அளவீடாக மாறும். ஆய்வாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐவரி கோஸ்ட்டின் டாய் தேசியப் பூங்காவில் மேக்ஸ்வெல் டைக்கர் என்ற சிறு மறிமான்களின் அடர்த்தியைக் கேமரா வழியே கணக்கிட்டபோது, ஒவ்வொரு விலங்கும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கண்டறிவதே முறையின் அடிப்படையாக இருந்தது.

தூரமே தெரியாமல் உயரத்தைச் சொல்ல முடியும் என்று ஒருவர் சொன்னார். நம்புகிற மாதிரி இல்லையே?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த முறையும் இதுதான். லென்ஸ் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, தரை சமம் என்று வையுங்கள். லென்ஸிலிருந்து கிடைமட்டமாக ஒரு தளம் காட்டுக்குள் நீள்வதாகக் கற்பனை செய்யுங்கள். அந்தத் தளம் பக்கத்து மரத்தையும் தூரத்து மரத்தையும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில்தான் வெட்டும். படத்திலோ அந்தத் தளம் முழுவதும் ஒரே கோடாக விழும். அதை லென்ஸ் மட்டக் கோடு என்று அழைக்கிறேன். மான் எந்தத் தூரத்தில் நின்றாலும், அந்தக் கோடு அதன் உடலைத் தொடும் இடம் தரையிலிருந்து 90 செ.மீ.

எனவே குளம்பிலிருந்து கோடு வரை எத்தனை பிக்சல், குளம்பிலிருந்து தோள் வரை எத்தனை பிக்சல் என்ற இரண்டு எண்கள் போதும். ஒரு படத்தில் கோடு மேலிருந்து 1400-ஆவது வரிசையில், குளம்பு 2300-இல், தோள் 1460-இல் இருக்கிறது. குளம்பிலிருந்து கோடு 900, தோள் 840. 840-ஐ 900-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 84 செ.மீ. தூரம் எங்கும் வரவில்லை. தோள் கோட்டுக்குக் கீழே நிற்பதால் மான் 90 செ.மீ.க்குக் குறைவு என்பது கணக்குப் போடுமுன்பே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கோடு படத்தின் சரிநடுவில்தானே இருக்கும்?

கேமரா துளிகூடச் சாயாமல் இருந்தால் மட்டும். மரத்தில் வாரைக் கட்டி இறுக்கிய கேமரா ஏறக்குறைய எப்போதும் கொஞ்சம் மேலோ கீழோ பார்க்கும், பக்கவாட்டிலும் சாயும். போதாக்குறைக்கு, தேதி, வெப்பநிலை, நிலவின் பிறை ஆகியவை அச்சாகும் கறுப்புப் பட்டை ஒன்று படத்தின் அடியில் இருக்கும். சில கேமராக்களில் அது காட்சியை மறைக்கிறது, சிலவற்றில் காட்சிக்குக் கீழே கூடுதலாக ஒட்டப்படுகிறது. கோப்பின் நடுவரிசை காட்சியின் நடுவரிசை ஆகாது.

ஆகவே கோட்டை ஊகிக்காமல் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். லென்ஸின் உயரத்தில் பளிச்சென்ற நாடா ஒட்டிய இரண்டு குழாய்களை, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமுமாக, வெவ்வேறு தூரங்களில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். இரண்டு நாடாக்களையும் இணைக்கும் கோடே லென்ஸ் மட்டக் கோடு. பக்கச் சாய்வு இருந்தால் கோடும் சாய்ந்தே வரும். அதனால் கெடுதல் இல்லை. காற்றிலோ குரங்கு பிடித்து இழுத்ததிலோ கேமரா நகர்ந்துவிட்டால் மட்டும் மறுபடி வரைய வேண்டும். பின்னணியில் உள்ள ஒரு மரக்கிளையின் இடத்தை முதல் படத்தோடு அவ்வப்போது ஒப்பிட்டால் நகர்ந்திருப்பது தெரிந்துவிடும்.

அப்படியென்றால் கேமராவை எந்த உயரத்தில் கட்டுவது?

நீங்கள் அளக்க விரும்பும் மானின் தோள் உயரத்துக்கு அருகில். புள்ளிமானுக்கு 80 முதல் 90 செ.மீ. பொருத்தம்.

காரணம் புல். மேலே சொன்ன படத்தில் குளம்பு 5 செ.மீ. புல்லுக்குள் மறைந்துவிட்டது என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் அது 50 பிக்சல். இப்போது 900 என்பது 850 ஆகிறது, 840 என்பது 790 ஆகிறது. கணக்குப் போட்டால் 83.6 செ.மீ.; பிழை அரை சென்டிமீட்டர்கூட இல்லை. இதே மானை 40 செ.மீ. உயரத்தில் கட்டிய கேமரா எடுத்திருந்தால் 400-க்குப் பதில் 350, 840-க்குப் பதில் 790 வந்து, விடை 90 செ.மீ.யைத் தாண்டிவிடும். கோடு தோளுக்குப் பக்கத்தில் இருக்க இருக்க, குளம்பைப் பற்றிய கவலை குறையும். கேமராவை ஆள் உயரத்துக்கு மேலே கட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பது திருட்டைத் தடுக்க நல்ல வழி, அளப்பதற்கு மோசமான வழி.

எங்கள் இடம் முழுக்க மேடும் பள்ளமும். அங்கே இது பலிக்குமா?

பலிக்கும், ஒரு திருத்தத்தோடு. கணக்கில் வரும் லென்ஸ் உயரம் கேமரா கட்டிய மரத்தடியிலிருந்து அளந்தது அல்ல. மான் நிற்கும் தரையிலிருந்து அளந்தது. மான் நின்ற இடம் மரத்தடியைவிட 15 செ.மீ. தாழ்வு என்றால், 90-க்குப் பதில் 105 போட வேண்டும். 84 செ.மீ. என்று வந்த மான் 98 செ.மீ. ஆகிவிடும். சாதாரண வாய்க்கால் பள்ளம் ஒன்று மானை இவ்வளவு மாற்றிவிடுகிறது.

இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் போதும். குழாயின் ஒரு முனையை லென்ஸின் உயரத்தில் பிடித்து, மறுமுனையில் நீர் நிற்கும் உயரத்தை மான் வழக்கமாக நடக்கும் பாதையில் நாலைந்து இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். குறைந்த தூரம் என்றால் ஒரு நீளச் சட்டமும் ரசமட்டமும்கூட வேலையை முடித்துவிடும். நாடா ஒட்டிய குழாய்களை நிறுத்தும்போதும் இந்த நீர்மட்டத்தை வைத்தே ஒட்ட வேண்டும். செங்குத்தான சரிவு என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, முன்பு சொன்னபடி அதே இடத்தில் குழாயை நிறுத்துவதே நல்லது.

எந்தத் தூரத்தில் நிற்கும் மானின் படம் நல்லது?

5 முதல் 10 மீட்டர். இரண்டு மீட்டருக்குள் வந்த மானைக் கழித்துவிடுங்கள். முதுகெலும்பு உடலின் நடுவில் இருக்கிறது. நாம் பார்க்கும் குளம்போ நம் பக்கத்துக் காலுடையது. இரண்டுக்கும் கேமராவிலிருந்து சுமார் 12 செ.மீ. தூர வித்தியாசம் இருக்கலாம். 2 மீட்டரில் அது 6 சதவீதப் பிழை, 8 மீட்டரில் 1.5 சதவீதம். மிக அருகில் படம் தெளிவாகக் குவியாது என்பதும் உண்டு. அகலக் கோண லென்ஸில் படத்தின் ஓரங்களும் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. நடுப்பகுதியில் நிற்கும் மானையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மான் பக்கவாட்டில் நேராக நிற்கவே மாட்டேன் என்கிறது. திரும்பி நின்றால் அளவு கெட்டுப்போகுமா?

உயரம் கெடாது, நீளம் கெடும். தோள் உயரத்தை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் இது. நேர் பக்கவாட்டிலிருந்து 15 பாகை திரும்பினால் உடல் நீளம் 3 சதவீதம்தான் குறைந்து தெரியும். 30 பாகையில் 13 சதவீதம். 45 பாகையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும், 110 செ.மீ. நீள உடல் 78 செ.மீ. ஆகத் தெரியும். 60 பாகையில் சரிபாதி.

மானின் மார்பும் விலாவும் ஒருசேரத் தெரிந்தால் அது நன்றாகவே திரும்பியிருக்கிறது என்று பொருள். உடல் நீளம் கட்டாயம் வேண்டும் என்றால், ஒரு தூண்டலுக்கு மூன்று படங்கள் எடுக்கும்படி கேமராவை வைத்து, மூன்றில் உடல் அதிக நீளமாகத் தெரியும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பல் நீளத்தைக் குறைக்கவே செய்யும், கூட்டாது. கூட்டக்கூடியது வேறொன்று, அடுத்த கேள்வியில் வருகிறது.

இரவுப் படங்களில் அளந்தால் சரியாக வருமா?

உயரத்துக்குச் சரி, நீளத்துக்கு எச்சரிக்கை. இரவில் ஒளி போதாததால் கேமரா ஒளித்துளையை நீண்ட நேரம் திறந்துவைக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கும் மான், இருபதில் ஒரு நொடியில் 5 செ.மீ. நகர்ந்துவிடும். மூக்கும் வாலும் அந்த அளவுக்கு இழுபட்டுத் தெரியும். நகர்வு பக்கவாட்டில் என்பதால் முதுகின் கோடு மட்டும் ஓரளவு கூர்மையாகவே இருக்கும்.

அகச்சிவப்பு ஒளி பக்கத்தில் நிற்கும் மானை வெளுக்க அடித்துவிடும். உடலின் விளிம்பு ஒளியில் கரைந்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. குளிர்நாட்டு மான்களின் தடித்த குளிர்கால ரோமமும் முதுகில் ஓரிரு சென்டிமீட்டரைச் சேர்க்கும். கண்ணின் பளபளப்பை வைத்து அளவு சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த ஒளிவட்டம் பிரதிபலிப்பின் வலிமையைப் பொறுத்து விரிவது. அதற்கும் மானின் அளவுக்கும் தொடர்பில்லை.

அதிக மெகாபிக்சல் கேமரா வாங்கினால் துல்லியம் கூடுமா?

பெரிதாகக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் பல சமயம் உள்ளே இருக்கும் சென்சாரின் உண்மையான எண் அல்ல. சிறிய படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கியது. மேலே போட்ட கணக்கில் 10 மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 4 பிக்சல் இருந்தது. தேவைக்கு அதுவே அதிகம். பிழை வருவது பிக்சல் போதாமல் அல்ல. தரையும் குளம்பும் கோடும் சரியாகத் தெரியாமல். பணத்தைக் கேமராவில் போடுவதைவிட, நேரத்தை அளவுகோல் குழாயில் போடுங்கள்.

நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான் இருக்கிறது. அதில் அளக்கலாமா?

அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். எனவே கேமராவுக்கென்று கண்டுபிடித்த 4000 போன்ற எண் அங்கே செல்லாது. லென்ஸ் மட்டக் கோட்டு முறை விகிதத்தில் ஓடுவதால் படம் சுருங்கினாலும் பாதிக்காது, கோடு எங்கே என்று தெரிந்திருந்தால். ஓரங்களை வெட்டி அனுப்பியிருந்தால் அதையும் கண்டுபிடிப்பது கடினம். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே மேல்.

ஒரே படத்தில் இரண்டு மான்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எது பெரியது?

இதற்குக் கோடே பதில் சொல்லிவிடும். தரை சமமாக இருந்தால், லென்ஸ் மட்டக் கோடு இரண்டு மான்களையும் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். முன்னால் நிற்பதன் தோளுக்குச் சற்று மேலேயும், பின்னால் நிற்பதன் விலா நடுவிலும் கோடு போனால், படத்தில் சின்னதாகத் தெரியும் பின்மானே உயரமானது. இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டினால் இரண்டும் ஒரே உயரம்.

தனியாக நிற்கிறது, உயரம் 55 செ.மீ. வருகிறது. குட்டியா, சிறிய இனமா?

உயரத்தை விட்டுவிட்டு உடலின் விகிதத்தைப் பாருங்கள். குட்டிக்கு உடலை ஒப்பிடக் கால் நீளம், முகம் குட்டை, காது பெரிது, கழுத்து மெலிவு. வளர்ந்த சிறிய இன மானுக்கு மார்பு ஆழமாக இறங்கியிருக்கும், முகம் நீண்டிருக்கும். கேளையாட்டுக்குப் பின்புறம் தோளைவிடச் சற்று உயர்ந்து, முதுகு வளைந்து தெரியும். முகத்தில் கொம்பின் அடியிலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகள் ஆணிடம் தெளிவாக இருக்கும். புள்ளி இருப்பதால் மட்டும் குட்டி என்று முடிவு கட்ட வேண்டாம். புள்ளிமானுக்கு வாழ்நாள் முழுவதும் புள்ளி உண்டு.

எடை எத்தனை கிலோ இருக்கும்?

இந்தக் கேள்விக்கு நான் பெரும்பாலும் எண் தருவதில்லை. எடை உடலின் கன அளவோடு போகிறது. உயரக் கணிப்பில் 10 சதவீதம் கூடினால், அதே உடல்வாகுக்கு எடை 33 சதவீதம் கூடிவிடும். 60 கிலோ மான் 80 கிலோ மான் ஆவதற்கு உயரத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர்ப் பிழை போதும்.

அதோடு, ஒரே மானின் எடையே ஆண்டுக்குள் ஏறி இறங்கும். இணைசேரும் பருவத்தில் சிவப்பு மான், வெள்ளைவால் மான் போன்ற இனங்களின் ஆண்கள் மேய்ச்சலை மறந்து அலைந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பதுண்டு. அதே பருவத்தில் அவற்றின் கழுத்து பருத்துத் தெரியும். படம் பார்ப்பவர் எடை கூடியதாக நினைத்துக்கொள்வார். வயிறு நிறைய இரை, சினை, தடித்த ரோமம் எல்லாமே உருவத்தைப் பெருக்கிக் காட்டும். 'இந்த இனத்தில் வளர்ந்த ஆணின் வழக்கமான எடைக்குள்' என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

கொம்பின் நீளத்தையாவது சொல்ல முடியுமா?

அகலத்தைச் சொல்வது சுலபம், நீளம் கடினம். வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் வெள்ளைவால் மானுக்குக் காதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மான் கேமராவை நேராகப் பார்த்துக் காதுகளை விரித்து நிற்கும்போது, ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை சுமார் 15 முதல் 17 அங்குலம், அதாவது 38 முதல் 43 செ.மீ. கொம்புகள் காது நுனியைத் தாண்டி எவ்வளவு விரிகின்றன என்று பார்த்து அகலத்தைச் சொல்கிறார்கள். காதைப் பின்னால் மடித்திருந்தாலோ தலை திரும்பியிருந்தாலோ இது பயன்படாது. வேறு இனத்துக்கு இதே எண்ணைப் போடுவதும் தவறு.

நீளம் என்பது வளைவின் வழியே அளப்பது. புள்ளிமானின் கொம்பு பின்னால் போய், வெளியே வளைந்து, மேலே ஏறும். பக்கவாட்டுப் படம் ஒரு வளைவை விழுங்கும், நேர்ப்படம் இன்னொன்றை விழுங்கும். ஆகவே ஒரு படத்தில் வரும் நீளம் குறைந்தபட்ச அளவு மட்டுமே. தலையைக் கேமரா பக்கம் நீட்டிக் குனிந்தால் நிலைமை தலைகீழ்: கொம்பு உடலைவிட அருகில் வந்து பெருத்துத் தெரியும். வெல்வெட் எனப்படும் மெல்லிய ரோமத் தோல் மூடியிருக்கும் காலத்தில் கொம்பின் தடிமனும் கூடித் தெரியும். ஆல்ப்ஸ் மலை ஐபெக்ஸ் காட்டாடுகளின் கொம்பை அளந்த ஆய்வாளர்கள், இடைவெளி தெரிந்த இரண்டு இணை லேசர்ப் புள்ளிகளைக் கொம்பின் மீதே விழவைத்துப் படம் எடுத்தார்கள். அது கையில் பிடிக்கும் கேமராவுக்கான வழி. மரத்தில் கட்டிவிட்டு வரும் கேமராவுக்கு ஒத்துவராது.

படத்தைப் போட்டால் அளவைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டனவே. இவ்வளவு பாடு எதற்கு?

படத்தில் மான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் செயற்கை நுண்ணறிவு மிகத் தேர்ந்தது. ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்களைக் கழித்துத் தருவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது மானைச் சுற்றிப் போடும் கட்டத்தில் கொம்பும் காதும் வாலும் அடக்கம். அந்தக் கட்டத்தின் உயரம் தோள் உயரம் அல்ல. ஒரே படத்திலிருந்து தூரத்தைக் கணிக்கும் மென்பொருள்களும், எது முன்னால் எது பின்னால் என்பதை நன்றாகச் சொல்லும். மீட்டர் கணக்கில் சொல்ல அவற்றுக்கும் அந்த இடத்தில் அளந்த ஒரு பொருள் வேண்டும். குழாயிலிருந்து தப்பிக்க வழியில்லை.

கேமராவைக் கழற்றி மாதங்கள் ஆகிவிட்டன. பழைய படம் மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

மரங்கள் அங்கேயே இருந்தால் முடியும். அதே கேமராவை எடுத்துப்போய், பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னணி மரங்களும் பாறைகளும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை கேமராவை நகர்த்துங்கள். கவனிக்க வேண்டியது, அருகில் உள்ள மரம் தூரத்து மரத்தை எந்த இடத்தில் மறைக்கிறது என்பதை. கேமரா ஒரு சாண் பக்கவாட்டில் விலகினாலும் அந்த மறைப்பு மாறிவிடும். பொருந்திய பிறகு குழாயை நிறுத்திப் படம் எடுத்தால், அன்றே எடுத்ததற்கு ஏறக்குறைய சமம்.

போகவே முடியாது என்றால், படத்தில் மானின் குளம்புக்குப் பக்கத்திலேயே அளவு தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: வேலிக்கல், உப்புக்கட்டி, அல்லது அதே இடத்தைக் கடந்த, உயரம் தெரிந்த ஓர் ஆள். ஒரு அடி முன்னோ பின்னோ விலகியிருந்தால், எவ்வளவு விலகல் என்பதைக் குறித்துவைத்துப் பிழையையும் சேர்த்தே சொல்லுங்கள். எதுவும் இல்லை என்றால் அளவைச் சொல்லாமல் விடுங்கள்.

ஒரே மானைப் பல படங்களில் அளந்தேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எண். எதை எழுதுவது?

முதலில் ஒரே மான்தானா என்று உறுதிசெய்யுங்கள். புள்ளிமானுக்குப் புள்ளிகளின் அமைப்பு ஒன்றுக்கொன்று மாறுபடும். விலாவின் ஒரே பக்கத்தை ஒப்பிட்டால் ஆளை அடையாளம் காணலாம். கடமானுக்குப் புள்ளி கிடையாது என்பதால் காதுக் கிழிசல், தழும்பு, அந்த ஆண்டுக் கொம்பின் வடிவம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

காலின் நிலை, குளம்பைக் குறித்த இடம் போன்றவற்றால் வரும் பிழை ஒரு படத்தில் கூடும், ஒரு படத்தில் குறையும். சராசரி எடுத்தால் அது தேயும்; ஒரு படத்தில் 6 செ.மீ. தடுமாற்றம் என்றால், ஒன்பது படங்களின் சராசரியில் அது 2 செ.மீ. ஆகிவிடும். ஆனால் லென்ஸ் உயரத்தைத் தவறாக அளந்திருந்தாலோ பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தாலோ, ஆயிரம் படங்களின் சராசரியும் அதே பக்கமாகத்தான் தவறும். இதைக் கண்டுபிடிக்க, உயரம் தெரிந்த ஒருவரை மான் நடந்த பாதையிலேயே நடக்கவைத்து, அவர் உயரத்தை அதே முறையில் அளந்து பாருங்கள். 165 செ.மீ. ஆள் 180 செ.மீ. என்று வந்தால் மான்களின் பட்டியலை எழுதுவதற்கு முன் கேமரா மரத்தடிக்கு நீர்மட்டக் குழாயோடு போக வேண்டும். சரியாக வந்தால், '84 செ.மீ., நான்கு கூடவோ குறையவோ, ஆறு படங்களிலிருந்து, லென்ஸ் மட்டக் கோட்டு முறையில்' என்று முறையையும் சேர்த்து எழுதிவையுங்கள்.